சாக்ஸ் வாங்கும் முன் நாடி பாருங்கள்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாக்கள் காலை மடக்கியபடியே பொழுதைக் கழிக்கிறார்கள். நேரு வீதி ஜவுளிக்கடைப் பெண்கள் நின்றபடியே. சாயங்காலம் இரு தரப்புக்கும் ஒரே புலம்பல்: "காலுல ரத்த ஓட்டமே இல்ல." தைலமோ இறுக்கமான சாக்ஸோ வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். ஆபத்தே அதில்தான்.

காலுக்கு ரத்தம் வராதது ஒரு நோய். வந்த ரத்தம் மேலேறாமல் தேங்குவது வேறு நோய். நரம்புச் சுருட்டு இரண்டாவது வகை. மாலையில் கணுக்கால் வீங்கும். காலைத் தூக்கி வைத்தால் சுகம். முதல் வகையில் தமனி அடைத்திருக்கும். கொஞ்சம் நடந்ததும் கெண்டைக்கால் இழுக்கும், நின்றால் விடும். முற்றினால், ராத்திரி காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூக்கம். சர்க்கரை நோயாளிகளும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

தேங்கிய ரத்தத்தை மேலேற்றும் அதே சாக்ஸ், தமனி நன்றாக அடைத்த காலில் வருகிற கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடும். விரல் கறுத்துப்போகலாம். அதனால் முதலில் ஜிப்மருக்கோ இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ போங்கள். புறங்காலில் நாடி பார்ப்பார்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. சர்க்கரை நோயாளிக்கு இந்தக் கணக்கு சில சமயம் ஏமாற்றும். டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். திடீரென வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் மணிக்கணக்குதான் அவகாசம். சுருட்டு நரம்பு வெடித்து ரத்தம் பீறிட்டால் படுக்கவைத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

'அடைப்பு நீக்கும் அற்புதத் தைலம்' என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். தமனித் தடிப்பு, சதை அழுகல், சர்க்கரை நோய் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் கொடுக்கலாம்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டுமென்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் போட்டது. அது புதுச்சேரிக்குச் செல்லாது. இங்குள்ள சட்டமன்றமும் அப்படியொரு சட்டம் கொண்டுவர என்ன தடை? ஆளுக்கொரு ஸ்டூல் போட, கடை முதலாளிகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.