அப்பா புகைத்தால் பிள்ளையும் புகைக்க வேண்டுமா?

“தாத்தாவுக்குச் சுருட்டு, அப்பாவுக்கு பீடி, எனக்கு சிகரெட். ரத்தத்துலயே ஊறிப்போச்சு டாக்டர்!” புகையை விட முடியாமல் தவிப்பவர்கள் இப்படிச் சொல்வதுண்டு. கூட வந்திருக்கும் மனைவியோ, “எல்லாம் சேர்க்கை சரியில்லை” என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நிகோட்டினின் பிடி ஒருவரிடம் எவ்வளவு இறுகும் என்பதில் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பிடியில் சிக்குவதும், அதிலிருந்து மீள்வதும் சுற்றியிருக்கும் வீட்டையும் தெருவையும் நண்பர்களையும் பொறுத்தது.

இரட்டையர்கள் காட்டிய உண்மை

மரபையும் சூழலையும் பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் நாடுவது இரட்டையர்களை. ஒருகரு இரட்டையர்களுக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்று. இருகரு இரட்டையர்களுக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. ஸ்வீடனில் ஒன்றாக வளர்ந்த இரட்டையர்களையும், சிறுவயதிலேயே பிரிந்து வேறு வேறு வீடுகளில் வளர்ந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2000-ல் வெளியானது. ஆண்களிடையே புகையிலைப் பழக்கத்தில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 60 சதவீதத்துக்கு மரபு காரணம் என்றது அது.

பெண்களின் கணக்குதான் வியப்பானது. 1925-க்கு முன் பிறந்த பெண்களிடம் மரபின் தாக்கமே தெரியவில்லை. 1940-க்குப் பின் பிறந்தவர்களிடம் அது ஆண்களுக்கு இணையாக இருந்தது. அதற்குள் பெண்களின் மரபணு மாறிவிடவில்லை. பெண் புகைப்பதை ஊர் ஏற்காத காலத்தில் உள்ளே இருந்த நாட்டம் வெளிப்பட வழியில்லை. கட்டு தளர்ந்ததும் வெளிப்பட்டது. இந்தியாவில் 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி புகைக்கும் ஆண்கள் 19 சதவீதம், பெண்கள் 2 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளிக்கு மரபணுவைக் காரணம் காட்ட முடியாது.

கல்லீரலில் இருக்கும் கணக்கு

இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் 10 முதல் 20 விநாடிகளில் மூளையை எட்டும். அங்குள்ள ஏற்பிகளில் ஒட்டி, டோபமைனைச் சுரக்கவைத்து இதமான உணர்வைத் தரும். சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். கை மறுபடியும் பாக்கெட்டைத் தேடும்.

நிகோட்டினைச் சிதைப்பது கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி. 2ஏ6 என்ற நொதி. மரபணு வேறுபாட்டால் இது சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்கிறது. வேகமாகச் சிதைப்பவர்கள் பொதுவாக அதிகம் புகைப்பார்கள். விடுவதும் அவர்களுக்குக் கடினம். மெதுவாகச் சிதைப்பவர்களுக்குக் குறைவாகவே தேவைப்படும்.

மூளையின் ஏற்பியை அமைக்கும் மரபணுவும் ஒரு காரணம். 15-ஆம் குரோமோசோமில் உள்ள சி.எச்.ஆர்.என்.ஏ. 5 மரபணுவின் ஒரு வகை, அதிகம் புகைப்பதோடு தொடர்புடையது என 2008-ஐ ஒட்டி வந்த ஆய்வுகள் காட்டின. நிகோட்டின் அளவு மீறும்போது குமட்டலும் வெறுப்பும் வந்து ‘போதும்’ என்று தடுக்க வேண்டும். இந்த ஏற்பி சரியாக இயங்காத எலிகள் அளவு மீறியும் நிகோட்டினைத் தேடிக்கொண்டே இருந்தன.

மரபணு மீது போட்ட பழி

புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் பைப் புகைப்பவர். புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் ஒரே மரபணு காரணமாக இருக்கலாமே என்று 1958-ல் வாதிட்டார். புகைக்கும் நாட்டத்தில் மரபுக்குப் பங்குண்டு என்ற மட்டில் அவர் சொன்னது சரி. புகையை நிரபராதி ஆக்கியது தவறு. ஒருகரு இரட்டையரில் ஒருவர் மட்டும் புகைத்த ஜோடிகளைப் பின்லாந்து ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தபோது, முதலில் இறந்தவர் பெரும்பாலும் புகைத்தவராகவே இருந்தார். மரபணு ஒன்றாக இருந்தும் புகை ஆளைப் பிரித்தது.

டீ கிளாஸும் கூட்டாளியும்

டீ குடித்தால் சிகரெட், சாப்பிட்டு எழுந்தால் சிகரெட், பஸ் வரத் தாமதமானால் சிகரெட் என்று மூளை நேரத்தையும் இடத்தையும் புகையோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. பெட்டிக்கடையில் சில்லறையாக ஒன்றிரண்டு வாங்க முடிவதால் காசில்லாத நாளிலும் பழக்கம் அறுவதில்லை.

அதே சூழல் விடவும் உதவும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் 12,067 பேரை 1971 முதல் 2003 வரை கவனித்தார்கள். கணவன், மனைவியில் ஒருவர் புகையை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36 சதவீதம். உடன்பிறந்தவர் விட்டால் 25 சதவீதம். ரத்த உறவைவிட, கூடவே வாழும் உறவுக்கு வலு அதிகம்.

உங்கள் பிடி எவ்வளவு இறுக்கம்?

இதை அறிய மரபணுப் பரிசோதனை வேண்டாம். காலையில் கண்விழித்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்பட்டால் அடிமைத்தனம் அதிகம். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் மிக அதிகம். இவர்கள் மன உறுதியை மட்டும் நம்பாமல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

• நிகோட்டின் சூயிங்கம்மை மிட்டாய்போல் தொடர்ந்து மெல்லக் கூடாது. சுர்ரென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள்.

• வேரனிக்லின், புப்ரோபியான் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. நிகோட்டினை இயல்பான வேகத்தில் சிதைப்பவர்களுக்கு தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையைவிட வேரனிக்லின் அதிகம் பலனளித்தது என 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. மெதுவாகச் சிதைப்பவர்களுக்கு இரண்டும் ஒரே பலன். மாத்திரையில் பக்கவிளைவுதான் கூடுதல்.

• எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும்.

• புகையை விட்டதும் காபியிலுள்ள காஃபீன் உடலில் அதிக நேரம் தங்கும். அந்தப் படபடப்பை ‘சிகரெட் இல்லாத குறை’ என்று நினைத்துவிடாதீர்கள். காபி, டீயைக் குறையுங்கள்.

• 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும்.

புகையை விட முடியாமல் தவித்தவரின் பிள்ளைக்கும் அதே வேக நொதி வந்திருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ‘சும்மா ஒரு தம்’ மற்றவர்களைவிட ஆபத்தானது. வீட்டுக்குள் புகைப்பதை இன்றே நிறுத்துங்கள். “கடைக்குப் போய் ரெண்டு சிகரெட் வாங்கிட்டு வா” என்று பிள்ளையை அனுப்புவதையும் நிறுத்துங்கள்.