பூச்சியா, உப்பா? நெல் காய்வதன் காரணம் அறிவோம்

நவரைப் பட்டத்தில் நட்ட நெல், இருபது நாளில் திட்டுத் திட்டாக வெளுத்துக் காய்கிறது. பூச்சி விழுந்துவிட்டது என்று கருதி விவசாயி மருந்து தெளிக்கிறார். ஒரு வாரமாகியும் பயிர் தேறவில்லை. மறுபடியும் தெளிக்கிறார். பணமும் போய், வயலில் இருந்த சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களும் அழிகின்றன. ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லிப் பக்கம் கிணற்று நீரை நம்பி நெல் பயிரிடும் எவருக்கும் இந்தத் தொல்லை நேரலாம். கோளாறு பூச்சியில் இல்லாமல் மண்ணிலேயே இருக்கக்கூடும்.

உவரும் களரும்

உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி. வெயில் காலத்தில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். களர் நிலத்தில் சோடியம் மிகுதி. கார அமில நிலை 8.5-க்கு மேல் இருக்கும். நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் கல்லாக இறுகும், நீர் உள்ளே இறங்காது. உப்புக் கிணற்று நீரைத் தொடர்ந்து பாய்ச்சி, வடிகாலும் இல்லாமற் போனால் நல்ல நிலமும் கெடும். இதே மாவட்டத்தில் மீஞ்சூர்ப் பக்கம், நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது அனைவரும் அறிந்ததே.

பயிருக்கு நேர்வது என்ன?

உப்பு மிகுந்தால், வயலில் நீர் நின்றாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. சோடியம் மிகும்போது சாம்பல் சத்து பயிருக்குக் குறைவாகவே கிடைக்கும். களர் மண்ணில் துத்தநாகமும் கிட்டாது. இலையில் துருப்போன்ற புள்ளிகள் தோன்றிப் பயிர் குட்டையாகும். இடும் தழைச்சத்திலும் ஒரு பங்கு அம்மோனியா ஆவியாகக் காற்றில் போய்விடும்.

பூச்சிக்கு நேர்வது என்ன?

வாடும் பயிர், உள்ளிருக்கும் நீரைக் காத்துக்கொள்ளத் தன் சாற்றில் சிறு தழைச்சத்துப் பொருள்களைச் சேர்த்து வைக்கிறது. சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு இது நல்ல தீனியாகலாம். வாட்டமுற்ற மரங்களில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெருகுவது குறித்து, ஆஸ்திரேலியாவில் டி.சி.ஆர். ஒயிட் என்ற அறிஞர் 1969-லேயே எழுதினார். ஆனால் எல்லாப் பூச்சிக்கும் பலன் ஒன்றல்ல. உப்பேறித் தடித்த இலையில் சில புழுக்கள் தேறுவதில்லை.

பெரும் தீங்கு நம் கையாலேயே வருகிறது. பயிர் வெளிறியதைக் கண்டு யூரியாவை ஒரே தடவையில் அள்ளி இடுகிறோம். பயிர் கரும்பச்சையாகக் கொழுக்கிறது. புகையானும் இலைச் சுருட்டுப் புழுவும் விரும்புவது இத்தகைய பயிரைத்தான்.

வேறுபாடு காண்பது எப்படி?

காய்ந்த நடுக்குருத்தைப் பிடித்து இழுங்கள். எளிதில் கையோடு வந்தால் அது தண்டுத் துளைப்பானின் வேலை. வராமல், இலைகள் நுனியிலிருந்து வெளுத்துக் காய்ந்திருந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். வட்ட வட்டமாகக் காய்ந்திருந்தால் தூரை விலக்கி நீர் மட்டத்துக்கு மேலே பாருங்கள். பழுப்பு நிறப் பூச்சிகள் கூட்டமாக இருந்தால் புகையான். ஒன்றுமே இல்லை என்றால் மண்ணைப் பாருங்கள். தூருக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில், சிம்புக்கு இரண்டு புகையான் என்ற அளவு வரும்வரை மருந்து வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

அறுவடை முடிந்ததும் வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வரப்போரத்திலும் எருக்குழி அருகிலும் எடுக்கலாகாது. கிணற்று நீரையும் சேர்த்து அனுப்புங்கள்.

உவர் நிலமாயின், மழைக் காலத்தில் நல்ல நீரைத் தேக்கிப் பலமுறை வடித்தாலே உப்புக் குறையும். களர் நிலத்துக்கு அது மட்டும் போதாது. பரிசோதனை கூறும் அளவு ஜிப்சம் இட்டு, உழுது, நீர் தேக்கி வடிக்க வேண்டும். இரண்டுக்கும் வடிகால் அவசியம். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது மிக நன்று. நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து தூவலாம். யூரியாவை மூன்று நான்கு தடவையாகப் பிரித்து இடுங்கள். சாம்பல் சத்தை விட்டுவிடாதீர்கள்.

சம்பாப் பட்டத்துக்கு, களர் உவரைத் தாங்கும் கோ 43 (1982), திருச்சி 1 (1995), திருச்சி 3 (2010) ஆகிய ரகங்கள் உண்டு. பூச்சியைத் தாங்கும் ரகத்துக்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. ஆவடி-திருவள்ளூர் ரயில் பாதையில் செவ்வாப்பேட்டையை அடுத்த திரூரில் 1942-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 ரகம், தண்டுத் துளைப்பானைத் தாங்குவதில் உலகப் புகழ் பெற்றது. 1969-ல் பிலிப்பைன்ஸிலிருந்து வெளிவந்த ஐ.ஆர். 20 ரகத்தின் பெற்றோரில் ஒன்று அதுவே.

ஆனால் எந்த ரகமும் கெட்ட மண்ணை முழுதும் ஈடு செய்யாது. தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன் ஒரு குருத்தை இழுத்துப் பாருங்கள், ஒரு பிடி மண்ணை எடுத்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். ஒரு தெளிப்பு மிச்சமானாலும் அது லாபமே.