சாமி ஏறாத தேர்

கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால், திருவிழா வரை அதைப் பூட்டி வைப்பதில்லை. முன்னதாகவே ஒரு நாள் வடம் பிடித்து மாடவீதியைச் சுற்றி இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, திருப்பத்தில் முட்டுக்கட்டைக்கு அடங்குகிறதா என்று சோதிக்கும் அந்த வெள்ளோட்டத்தில் பெரும்பாலும் உற்சவரை ஏற்றுவதில்லை.

இணையம் வழியே கணினி வசதியை வாடகைக்கு விடும் கிளவுட் நிறுவனங்கள் ‘பப்ளிக் ப்ரிவியூ’ என்று ஒரு சேவையைத் திறந்துவிடுவதும் இப்படியொரு வெள்ளோட்டம்தான். வடம் பிடிக்க ஊரையே கூப்பிடுகிறார்கள். சாமியை, அதாவது கடையின் கணக்கையும் வாடிக்கையாளர் விவரங்களையும், அதில் ஏற்றுவது அவரவர் துணிச்சல்.

2006 ஆகஸ்டில் அமேசான் ‘இசி2’ சேவையைத் திறந்தபோது அதன் நெற்றியில் ‘பீட்டா’, அதாவது சோதனை நிலை, என்று எழுதியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருந்த ஒரு சிறு குழு உருவாக்கிய சேவை அது. அன்று மணிக்கு 10 சென்ட் கொடுத்தால் அமேசானின் கணினி வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் லினக்ஸ் மட்டுமே ஓடும். வாடகைக் கணினியை மூடினால் அதன் டிஸ்கில் இருந்த அத்தனையும் போய்விடும். தகவலைத் தனியே நிலையாக வைத்துக்கொள்ளும் ‘இபிஎஸ்’ வந்ததே 2008 ஆகஸ்டில்தான். அதே ஆண்டு அக்டோபரில் பீட்டா பட்டம் இறங்கியது. அன்றே விண்டோஸும் சேர்ந்தது. ஆண்டில் 99.95 சதவீத நேரம் சேவை இயங்கும், தவறினால் கட்டணத்தில் கழிவு உண்டு என்ற எழுத்துபூர்வ உறுதியும் கிடைத்தது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு மணி இருபத்து மூன்று நிமிடம் வரைதான் முடங்கலாம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் பயன்படுத்தியவர்கள் கையில் அப்படியொரு காகிதமே கிடையாது.

ப்ரிவியூவுக்கும் முழுச் சேவைக்கும் உள்ள வேறுபாடு அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. ப்ரிவியூவில் உள்ள மென்பொருள் பல சமயம் நன்றாகவே ஓடும். ஓடாதபோது யாரிடம் கேட்பது என்பதே சிக்கல். மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் சேவையான அஸூரின் ப்ரிவியூக்களுக்கெனத் தனியாக வைத்திருக்கும் நிபந்தனைகள் ஒளிவுமறைவு இல்லாதவை: குறைகளோடு உள்ளது உள்ளபடி தருகிறோம், இயங்கும் நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை, வாடிக்கையாளர் உதவி கிடைக்காமலும் போகலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் அல்லது நிறுத்துவோம். சம்மதம் என்று டிக் அடிப்பவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்!

விலை இன்னொரு பொறி. ப்ரிவியூ காலத்தில் இலவசமாகவோ சலுகை விலையிலோ தருவது வழக்கம். பிறர் எழுதிய செயலிகளைத் தன் கணினிகளில் ஓட்டித்தரும் கூகுளின் ‘ஆப் என்ஜின்’ 2008 ஏப்ரலில் முதல் 10,000 பேருக்கு மட்டும் ப்ரிவியூவாகத் திறந்தது. 2011 நவம்பரில்தான் அந்த நிலை முடிந்தது. கூடவே கட்டணக் கணக்கும் மாறியது. அதுவரை செயலி எவ்வளவு கணிப்புத்திறனைத் தின்றது என்று பார்த்து வாங்கியவர்கள், இனி அது எத்தனை மணி நேரம் விழித்திருந்தது என்று பார்த்து வாங்குவோம் என்றார்கள். பழைய கணக்கை நம்பி மென்பொருள் எழுதியவர்களுக்குப் பில் எகிறியது, கூச்சலும் எழுந்தது. சேவை பழுதாகவே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

எல்லாத் தேரும் வெள்ளோட்டத்தைத் தாண்டுவதில்லை. நிரல் எழுதத் தெரியாதவர்களும் செயலி செய்யலாம் என்று 2020 ஜூனில் அமேசான் கொண்டுவந்த ‘ஹனிகோட்’, பீட்டாவாகவே இருந்து 2024 பிப்ரவரி 29 அன்று மூடப்பட்டது.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் ப்ரிவியூவுக்கென்று தனிக் கணக்கு திறந்து, செலவு வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி வைத்து, போலித் தகவலை ஏற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள். குறை கண்டால் உடனே எழுதிப் போடுகிறார்கள். வடிவம் உறையாத இந்தக் கட்டத்தில்தான் பொறியாளர்கள் காது கொடுக்கிறார்கள்.

பீட்டா பட்டத்தைக் கழற்ற மனம் வராதவர்களும் உண்டு. 2004இல் பிறந்த ஜிமெயில், கோடிக்கணக்கானோர் கைக்குப் போன பிறகும் ஐந்து ஆண்டுகள் பீட்டாவாகவே இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பார்த்தே பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கத் தயங்கியதால், 2009 ஜூலையில் கூகுள் அதை நீக்கியது. பழகிய முகப்பை இழக்க விரும்பாதவர்களுக்காக, பீட்டா என்ற எழுத்தை மட்டும் திரும்ப ஒட்டிக்கொள்ள ஒரு வசதியையும் வைத்திருந்தார்கள்.