கோபுரம் பேசுவது நமக்குக் கேட்கிறது; நாம் பேசுவது?

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு எட்டு மணி இருக்கும். எங்கள் கல்லூரியில் இரண்டாமாண்டு இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர் அவருடையது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். வருமானச் சான்றிதழையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் படம் பிடித்து இணையத்தில் ஏற்ற வேண்டும்.

"சார், போன்ல 5ஜின்னு நல்லாத்தான் காட்டுது. யூடியூப்கூட ஓடுது. ஆனா இந்த ரெண்டு படம் மட்டும் ஏற மாட்டேங்குது. சாயங்காலத்துலேர்ந்து சுத்திக்கிட்டே இருக்கு சார்" என்றார். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்று, வலையமைப்பு வகையை 4ஜி என்று மாற்றிப் பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் செய்தி வந்தது: "ஏறிருச்சு சார்." மறுநாள் ஆய்வுக்கூடத்தில் என்னை மடக்கிக் கேட்டார்: "புதுசு பழசைவிட மட்டமா சார்?" நியாயமான கேள்விதான். நான் மருந்தைச் சொன்னேனே தவிர நோயைச் சொல்லவில்லை. அதை இங்கே விளக்கமாகப் பார்ப்போம்.

இந்தியாவில் கைப்பேசியின் ஒவ்வொரு தலைமுறையும் பெருநகரத்தில் பிறந்து, மெல்ல நடந்தே கிராமத்திற்கு வந்திருக்கிறது. முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் இடையே நிகழ்ந்தது. மூன்றாம் தலைமுறை 2008 டிசம்பரில் டெல்லியிலும், நான்காம் தலைமுறை 2012 ஏப்ரலில் கொல்கத்தாவிலும் தொடங்கின. ஐந்தாம் தலைமுறை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அந்த மாதத்திலேயே சென்னைக்கு வந்தது. 2023 ஜனவரியில் ஜியோ நிறுவனம் கோவை, மதுரை, திருச்சி, சேலம், ஓசூர், வேலூர் ஆகிய நகரங்களுக்கு அதை விரித்தது. பிறகு மாவட்டத் தலைநகரங்கள், தாலுகா ஊர்கள், சாலையோரக் கிராமங்கள் என்று வரிசை நீள்கிறது. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்கோ பொன்னமராவதிக்கோ பேருந்தில் போகிறவர்கள் கைப்பேசியின் மூலையைக் கவனித்தால் போதும். 5ஜி, 4ஜி, மறுபடி 5ஜி என்று அந்த எழுத்து மாறி மாறிக் கண்ணாமூச்சி ஆடுவதைப் பார்க்கலாம். விரிவாக்கம் எவ்வளவு திட்டுத்திட்டாக நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஏன் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் கொடுத்துவிடக் கூடாது? பணம் ஒரு காரணம் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இயற்பியலும் ஒரு காரணம்.

கைப்பேசி பேசுவது மின்காந்த அலைகளால். ஓர் அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது அதன் அதிர்வெண். நம் நாட்டில் 4ஜி பெரும்பாலும் 850 முதல் 2300 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள சில பட்டைகளில் இயங்குகிறது. ஐந்தாம் தலைமுறைக்கு முதன்மையாக ஏலம் விடப்பட்டது 3300 மெகா ஹெர்ட்ஸ் பட்டை. 2022 ஜூலை, ஆகஸ்டில் நடந்த அந்த ஏலத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு அலைவரிசைகள் விலைபோயின. இந்தப் பட்டையின் சிறப்பு என்ன? இதில் இடம் தாராளம். 4ஜியில் ஒரு நிறுவனம் ஒரு பட்டையில் 5 முதல் 20 மெகா ஹெர்ட்ஸ் அகலமே வைத்திருப்பது வழக்கம். இங்கே ஒரே வீச்சில் 100 மெகா ஹெர்ட்ஸ் அகலம் கிடைக்கிறது. கண்மாய் மடையின் அகலத்தை ஐந்து மடங்காக்கினால் வயலுக்குப் பாயும் நீர் எவ்வளவு கூடும் என்று எண்ணிப் பாருங்கள். 5ஜியின் வேகத்திற்குப் பெரிய காரணம் இந்த அகலம்தான்.

ஆனால் மடை அகலமாக இருந்தால் மட்டும் போதுமா? கடைமடைக்கும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 700 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவு. 3500 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8.6 சென்டிமீட்டர்தான். "அதிர்வெண் கூடினால் காற்று அலையை விழுங்கிவிடும்" என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இந்த அலைகளைப் பொறுத்தவரை அது சரியன்று. இவ்வளவு தூரத்திற்குள் காற்று விழுங்குவது மிக மிகச் சொற்பம். உண்மைக் காரணம் வேறு. மழை எங்கும் ஒரே சீராகப் பெய்கிறது. வாசலில் அண்டாவை வைத்தவருக்கு அண்டா நிறையத் தண்ணீர். டம்ளரை வைத்தவருக்கு டம்ளர் அளவே தண்ணீர். அலையைப் பிடிக்கும் ஆண்டெனாவும் அப்படியே. அதன் 'வாய்' அலைநீளத்தின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது. அலைநீளம் ஐந்தில் ஒரு பங்கானால் ஒரே வகையான ஆண்டெனா பிடிக்கும் ஆற்றல் இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும். மழை குறையவில்லை, பாத்திரம் சிறுத்துவிட்டது.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி அழகானது. சிறு டம்ளர்களை வரிசை வரிசையாக அடுக்கினார்கள். 5ஜி கோபுரத்தில் ஏறக்குறைய ஒரு மேசைப் பலகை போல் தட்டையான பெட்டி ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றாண்டெனாக்கள் இருக்கும். அவற்றிலிருந்து புறப்படும் அலைகளின் கட்டத்தைச் சற்றே முன்பின்னாக மாற்றினால், ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் அவை ஒன்றையொன்று கூட்டிக்கொள்ளும். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த குறுக்கீட்டு விளைவேதான்! ஊர் முழுவதற்கும் விளக்குப் போடுவதற்குப் பதிலாக, ஆளுக்கு ஆள் டார்ச் அடிப்பது போன்றது இது. அலைநீளம் சிறிதாக இருப்பதால்தான் இத்தனை ஆண்டெனாக்களை ஒரே பெட்டியில் அடக்க முடிகிறது. குறையே நிறைவானது.

இப்போது நம் மாணவரின் வீட்டிற்கு வருவோம். யூடியூப் ஓடியது, படம் ஏறவில்லை. அதாவது கோபுரம் பேசுவது அவருடைய கைப்பேசிக்குக் கேட்டது. கைப்பேசி பேசியது கோபுரத்திற்குக் கேட்கவில்லை. கோபுரத்தின் 5ஜி பெட்டி 200 வாட் அளவிலும் முழங்கக் கூடியது. அதற்கு மின்வாரியக் கம்பி உண்டு. கைப்பேசியோ சாதாரணமாக 0.2 வாட்டிற்கு மேல் பேசாது. அதன் பேட்டரியும் நம் உடல்நலத்திற்கான வரம்பும் அதற்கு மேல் இடம் தருவதில்லை. ஆயிரம் மடங்கு வேறுபாடு. கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவரின் குரல் ஊர் எல்லைவரை கேட்கும். எல்லையில் நின்று நாம் கொடுக்கும் மறுமொழி அவருக்கு எப்படிக் கேட்கும்? கோபுரத்தின் செவி நம் கைப்பேசியின் செவியைவிடக் கூரியதுதான். ஆனாலும் ஆயிரம் மடங்கு வேறுபாட்டை அதனால் முழுக்க ஈடுகட்ட முடியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. 3300 பட்டையில் போவதும் வருவதும் ஒரே பாதை. ஒற்றைப் பாலத்தில் முறைபோட்டு வண்டி விடுவது போல நேரத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றன. நாம் இறக்குவது அதிகம், ஏற்றுவது குறைவு என்பதால், நேரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கோபுரத்திற்கே போகிறது. கைப்பேசிக்குக் கால் பங்குதான். 850, 900, 1800 ஆகிய பட்டைகளின் 4ஜியில் போகத் தனிப்பாதை, வரத் தனிப்பாதை. அலைநீளமும் அதிகம். அதே 0.2 வாட் அங்கே இடைவிடாமல் பேச முடிகிறது. ஆகவே 5ஜி எல்லையின் ஓரத்தில் இருந்த மாணவருக்குப் பழைய வழியே நல்ல வழியாயிற்று. சொல்லப்போனால், படம் ஏறாத அந்த நேரத்தில் அவர் என்னோடு பேசினாரே, அந்த அழைப்பும் பெரும்பாலும் 4ஜியில்தான் வந்திருக்கும்.

அப்படியானால் திரையில் தெரியும் '5ஜி' என்ற எழுத்துக்கு என்ன பொருள்? இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 5ஜியை நிறுவ இரு வழிகள் உண்டு. ஒன்றில், கோபுரம் முதல் மையக் கணினிகள்வரை எல்லாமே புதிது. ஜியோ 2022இல் இந்த வழியில் தொடங்கியது. மற்றொன்றில், ஏற்கெனவே உள்ள 4ஜியின் தோளில் 5ஜியை ஏற்றி உட்கார வைக்கிறார்கள். ஏர்டெல் இவ்வழியில் தொடங்கியது. இரண்டாம் வழியில் கைப்பேசி எப்போதும் 4ஜியின் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். தேவைப்படும்போது மட்டும் 5ஜியின் கையையும் பற்றும். "இந்த வட்டாரத்தில் 5ஜி இருக்கக்கூடும்" என்று 4ஜி கோபுரம் ஓர் அறிவிப்பை ஒலிபரப்பும். அதைக் கேட்டதுமே பல கைப்பேசிகள் 5ஜி என்று எழுதிவிடும். 'இவ்வூரில் ஓட்டல் உண்டு' என்ற பலகையைப் பார்த்து வயிறு நிறைந்துவிட்டதாக நினைப்பது போலத்தான் இது! இப்படி எழுதிக் காட்டுவதை நிறுவனங்கள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்பது என் எண்ணம்.

நம் மாவட்டத்தின் நிலமும் அலைகளோடு விளையாடுகிறது. நார்த்தாமலை, குடுமியான்மலைப் பக்கத்துக் கருங்கல் குன்றுகளுக்குப் பின்னால் அலையின் நிழல் விழும். நீண்ட அலை விளிம்பில் வளைந்து நிழலுக்குள் ஓரளவு நுழையும். குட்டை அலை அவ்வளவு வளையாது. ஆதனக்கோட்டை முந்திரிக் காடுகளும், சாலைகளின் இருபுறமும் நிற்கும் தைலமரக் காடுகளும் வேறு வகை. இலைகளில் உள்ள நீர் அலையை உறிஞ்சும். இலையும் கிளையும் 8 சென்டிமீட்டர் அலையோடு ஒத்த அளவில் இருப்பதால் அதைச் சிதறடிக்கவும் செய்யும். திருமயம் பக்கத்துப் பழைய செட்டிநாட்டு வீடுகளின் தடித்த சுவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கொட்டகையோ மின்கடத்தி. அலையைத் திருப்பி அடித்துவிடும்.

இனி கூட்டம். நம் மாவட்டம் வாடிவாசல்களுக்குப் பேர்போனது. விராலிமலையிலோ வேறு ஊரிலோ ஜல்லிக்கட்டு நடக்கும் நாளில், ஒரு கோபுரத்தின் கீழ் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் காளையைப் படம் பிடித்து அனுப்புவார்கள். கோபுரத்தின் கொள்ளளவு பொதுச்சொத்து. ஆள் கூடினால் பங்கு குறையும். 'எல்லாக் கோடும் காட்டுது, ஒண்ணும் போகல' என்ற அலுப்பு அங்கேதான் பிறக்கிறது. கோடுகள் காட்டுவது ஒலியின் உரப்பை. நம் பங்கை அல்ல. கோபுரத்தை ஊரோடு இணைப்பது கண்ணாடி இழையா, நுண்ணலை இணைப்பா என்பதும் வேகத்தைத் தீர்மானிக்கும். பின்னால் உள்ள வாய்க்கால் குறுகலாக இருந்தால் முன்னால் மடையை அகலமாக்கிப் பயனில்லை.

புதியது வரும்போது பழையவருக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய தலைமுறைக்கு ஒதுக்கிய அலைவரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிப் புதியதற்குக் கொடுப்பது உலக வழக்கம். இந்தியாவில் ஏர்டெல் 2020இல் தன் 3ஜியை மூடியது. பட்டன் போன் வைத்திருக்கும் கிழவி, 'முன்னே வீட்டுக்குள்ளேயே டவர் கிடைச்சுது, இப்போ வாசலுக்கு வர வேண்டியிருக்கு' என்றால், அது வயோதிகத்தின் மயக்கமென்று தள்ளிவிடாதீர்கள். அவருடைய பங்கு உண்மையிலேயே சுருங்கியிருக்கலாம். இன்னொரு பக்கம், மற்றவர்கள் 5ஜிக்குப் போன பிறகே பொதுத்துறை பி.எஸ்.என்.எல். நாடு தழுவிய 4ஜிக்கு வந்தது. 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் அது தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 97,500 கோபுரங்கள். காலதாமதம்தான், ஆனால் சி-டாட்டின் மையக் கருவிகளும் தேஜஸ் நிறுவனத்தின் வானொலிப் பெட்டிகளும் டி.சி.எஸ்.ஸின் ஒருங்கிணைப்பும் சேர்ந்து, நம் நாட்டிலேயே உருவான அமைப்பு அது. அவ்வகையில் மகிழ்ச்சி.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையைக் கடந்து நம் மாவட்டத்தின் வழியே உள்ளே போனது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. கோபுரத்து பேட்டரி சில மணி நேரமே தாங்கும். பிறகு டீசல் இயந்திரம், டீசல் வரச் சாலை வேண்டும், சாலையிலோ மரங்கள். வெளியூரில் இருந்த பிள்ளைகள் பெற்றோரின் குரலைக் கேட்க முடியாமல் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். 5ஜி பெட்டி கூடுதலாக மின்சாரம் கேட்கிறது. விரிவாக்கக் கணக்கில் கோபுரங்களின் எண்ணிக்கையோடு, அவை மின்சாரமின்றி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் கேட்டுப் பெற வேண்டியவர்கள் நாம்.

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால், அலையின் வலிமை மைனஸ் 80, மைனஸ் 110 என்பது போன்ற எண்ணாகத் தெரியும். அலகு டெசிபெல்-மில்லிவாட். பத்து எண் இறங்கினால் ஆற்றல் பத்தில் ஒன்றாகும். முப்பது இறங்கினால் ஆயிரத்தில் ஒன்று. மொட்டை மாடி, கூடம், உள்ளறை, தகரக் கொட்டகை, வேப்பமரத்தடி என்று ஐந்து இடங்களில் எண்ணைக் குறியுங்கள். 4ஜியில் ஒரு முறை, 5ஜியில் ஒரு முறை. பிறகு அதே இடங்களில் ஒரு படத்தை நண்பருக்கு அனுப்பி, எத்தனை நொடி ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் எடுத்தால் இன்னும் நல்லது. எங்கள் மாணவர் இப்போது தம் தெருவுக்கு இப்படி ஒரு வரைபடம் தயாரித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த விண்ணப்பத்தை எந்தத் திண்ணையில் உட்கார்ந்து அனுப்புவது என்று அதில் புள்ளி வைத்திருக்கிறார்.