படகில் சிந்தும் பெட்ரோல்: பிரயாணிகள் அறிய வேண்டியவை

சுற்றிலும் ஜலம் நிறைந்த இடத்தில் நெருப்புக்கு என்ன வேலை என்று எண்ணுவது மனித சுபாவம். முட்டுக்காட்டிலோ, பிச்சாவரத்திலோ, ஆலப்புழைக் காயலிலோ மோட்டார் படகில் உல்லாசமாக ஏறி அமரும் குடும்பத்தார், தம் வீட்டுச் சமையலறையில் ஒரு நாழிகை வைத்திருக்கவும் துணியாத அளவு எரிபொருள், தாம் உட்கார்ந்திருக்கும் பலகைக்கு இரண்டு முழ தூரத்தில் அடைபட்டிருக்கிறது என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. படகு கவிழ்ந்துவிடுமோ என்ற அச்சத்தால் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கும் வழக்கமாவது சிறிது சிறிதாக வேரூன்றி வருகிறது. தீயைப் பற்றிய கேள்வியோ படகுத்துறைகளில் இன்னும் எழவில்லை.

அபாயத்தின் மூலத்தை முதலில் அறிந்துகொள்வோம். பெட்ரோலில் எரிவது திரவமன்று, அதிலிருந்து எழும் ஆவி. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு எழக்கூடிய அந்த ஆவி, காற்றைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு கனமானது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்திருந்தாலே ஒரு சிறு பொறியால் வெடிக்கவல்லது. சாலையில் நிற்கும் மோட்டார் காரிலிருந்து சிந்தும் பெட்ரோலின் ஆவி, அடியில் இறங்கிக் காற்றோடு கலைந்து போகிறது. படகோ, நீர் உள்ளே புகாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே அடியும் பக்கமும் அடைத்துச் செய்யப்பட்ட பாத்திரமாதலால், அதனுள் இறங்கிய ஆவி வெளியேற வழியின்றி, நிற்கும் பலகைகளுக்குக் கீழே கசிவுநீர் தேங்கும் பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் படுத்துக் கிடக்கிறது. ஓட்டுநர் சாவியைத் திருப்பும் அந்தக் கணத்தில், ஸ்டார்ட்டர் மோட்டாரிலோ தளர்ந்த பாட்டரி முனையிலோ எழும் பொறி அதற்குப் போதும். டீசல் இவ்வளவு எளிதில் பற்றாது. ஆயினும் காய்ந்த எஞ்சின் குழாயின் மேல் அது சொட்டுமானால் விளைவு வேறாக இராது. வீடுபோல் அமைந்த படகுகளில் சமையலுக்கு வைத்திருக்கும் எரிவாயுவும் காற்றினும் கனமானதே. கசிந்தால் அதே பள்ளத்தில்தான் சென்று தங்கும்.

ஆகவே, படகுத் தீ நடுநீரில்தான் பிறக்கும் என்பதில்லை. கரையில், எரிபொருள் நிரப்பும் வேளையிலேயே பிறக்கக்கூடும். பிரயாணிகள் அனைவரையும் இறக்கிவிட்டு, எஞ்சினையும் அடுப்பையும் மின்விசைகளையும் நிறுத்தி, கழற்றக்கூடிய டேங்காயின் அதைக் கரைக்குக் கொண்டுவந்து தரையில் வைத்து, பம்பின் மூக்கோ புனலோ டேங்கின் வாயை ஒட்டியிருக்கும்படி பிடித்து, வெயிலில் எண்ணெய் விரிவதற்குச் சிறிது இடம் விட்டு நிரப்பி, சிந்தியதைத் துணியால் ஒற்றி எடுத்து அத்துணியையும் படகை விட்டு அகற்றி, அதன்பின் காற்றோட விட்டு மோந்து பார்த்த பிறகே எஞ்சினை முடுக்குவது முறையாகும். மூடிய எஞ்சின் அறையுள்ள பெட்ரோல் படகுகளில், முடுக்குவதற்கு முன் நான்கு நிமிஷம் காற்றுவிசிறியை ஓட்டவேண்டும் என்ற எச்சரிக்கையைச் சாவியருகிலேயே ஒட்டிவைக்கவேண்டும் என்பது அமெரிக்க நாட்டு விதி. நம் துறைகளிலோ, வரிசையில் ஜனங்கள் காத்து நிற்கையில், ஓடிச் சூடேறிய எஞ்சினின் அருகே கேனிலிருந்து கண்ணளவாய்ப் பெட்ரோலைக் கவிழ்ப்பதைக் காண்பது அரிதன்று.

சிந்திய அதே எண்ணெய் நீருக்கும் தீங்கு செய்கிறது. வானவில் நிறத்தில் பரவும் அந்த மெல்லிய ஏடு, மேற்பரப்பில் மிதக்கும் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தாக்கி, அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களில் படிந்துவிடும். பழைய மாதிரி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள், குடித்த எரிபொருளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை எரிக்காமலே நீரில் உமிழ்ந்துவிடுவன. எண்ணெயின் மேல் சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றுவது சிலர் கையாளும் உபாயம். அதனால் எண்ணெய் மறைவதில்லை, நீருக்குள் இறங்கி இன்னும் அதிகமான ஜீவராசிகளைத் தொடுகிறது. எண்ணெயை மட்டும் உறிஞ்சும் விரிப்பால் ஒற்றி எடுப்பதே தக்க பரிகாரம். வேம்பநாட்டுக் காயல் 2002-லும் பிச்சாவரம் 2022-லும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை என்பதை அங்கே படகோட்டிப் பிழைப்போர் நினைவில் கொள்ளவேண்டும். எரிபொருளே இல்லாத வழியும் உண்டு: வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகு ஜனங்களை ஏற்றிச் செல்கிறது.

இனிப் பிரயாணியின் உரிமைகளைச் சொல்வோம். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், இயந்திரத்தால் இயங்கும் படகுகளுக்குப் பரிசோதனைச் சான்றிதழ், பதிவு, தகுதிபெற்ற பணியாளர், காப்பீடு ஆகியவற்றை விதித்திருக்கிறது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்து 22 உயிர்களைப் பலிகொண்ட உல்லாசப் படகு, மீன்பிடி படகை மாற்றி அமைத்ததாகும். அது தீயால் நேர்ந்த விபத்தன்று. எனினும், ஒரு தொழிலுக்கென்று கட்டிய படகை முறையான பரிசோதனையின்றி வேறொன்றுக்குத் திருப்பினால் எடையும் நிலைகுலையும், எண்ணெய்க் குழாய்களும் கண்ட இடத்தில் ஓடும் என்பதற்கு அது எச்சரிக்கை. ஆகையால் ஏறுமுன் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, அதன் அழுத்தமுள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்தால் இறங்கிவிடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பதில் கூச்சத்துக்கு இடமில்லை.

மீறித் தீப்பிடித்துவிட்டால், எஞ்சினையும் எரிபொருள் குழாயையும் அடைக்கவேண்டும். காற்று தீயை ஆட்களிடமிருந்து அப்பால் தள்ளும்படி படகைத் திருப்பவேண்டும். பெட்ரோல் தீயின் மேல் நீரை ஊற்றினால், எரியும் எண்ணெய் மிதந்து பரவும். சிறிய தீயணைப்பான் சில விநாடிகளே பீச்சுமாதலால், கொழுந்தை விட்டுத் தீயின் அடிப்பாகத்தைக் குறிவைக்கவேண்டும். அடங்காவிடில் மிதவையணிந்து, காற்று வரும் திசையில் குதித்து நீந்தி, எண்ணெய்ப் படலத்திலிருந்து விலகவேண்டும். உதவிக்கு 112, கடலிலாயின் கடலோரக் காவற்படையின் 1554. சுட்ட இடத்தில் மையோ பற்பசையோ தடவாமல், சுத்தமான குளிர்ந்த நீரை இருபது நிமிஷம் ஓடவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும்.

நஷ்டஈட்டுக்கும் மார்க்கமுண்டு. கட்டணம் செலுத்திய பிரயாணி 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரேயாவர். படகுத்துறையை சர்க்கார் நிறுவனமே நடத்தினாலும் இதில் மாற்றமில்லை. சேவைக் குறைபாட்டுக்காக, சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஆலப்புழையில் காயம்பட்ட மதுரைக்காரர் மதுரையிலேயே மனுக் கொடுக்கலாம்; வக்கீல் வைத்தாகவேண்டும் என்பதில்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண் உண்டு. 'பிரயாணிகளின் சொந்தப் பொறுப்பில்' என்று டிக்கெட்டில் அச்சிட்ட ஒரு வரி, அலட்சியத்துக்கான பொறுப்பைத் துடைத்துவிடாது. தீயை அலட்சியமாகக் கையாளுதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவின்படியும், அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் 106-ஆம் பிரிவின்படியும் குற்றமாகும். போலீஸில் புகார் பதிவு செய்து அதன் நகலைப் பெறுவது முதற்கடமை. எண்ணெய் கலந்து நீர் கெட்டால், 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தைக் காட்டி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதலாம். நஷ்டத்துக்குள்ளானோர் ஐந்து ஆண்டுகளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். டிக்கெட், புகைப்படம், வைத்தியச் சீட்டு, சாட்சிகளின் முகவரி ஆகிய நான்கையும் பத்திரப்படுத்தாதவர் வழக்கு வலுவிழக்கும்.

சட்டம் விபத்துக்குப் பின்பு ஈடு தரும். உயிரைத் திருப்பித் தராது. பிரயாணிகளை ஏற்றிக்கொண்டே எரிபொருள் நிரப்பும் படகில் ஏறமாட்டோம் என்று துறையில் நிற்கும் ஒவ்வொருவரும் உறுதி கொண்டால், அந்த வழக்கம் ஒரே பருவத்தில் ஒழிந்துபோகும்.