சாடியைக் கழுவாதீர்!

கண்டி மாநகரின் பழம்பொருட் கடைகளுட் புகுந்தால், பித்தளை விளக்குகளிடையே கண்ணாடி போன்ற மெருகுடைய பழஞ்சாடி ஒன்று நம் கண்ணிற்படுதல் கூடும். பூச்செண்டு வைக்க நல்லதென வாங்குவோரும் உளர்! ஆயின், வைத்தியர் இல்லங்களில் தைலமும் அரிட்டமும் நாட்படக் காத்தவை இத்தகைய சாடிகளே. சாதாரண மட்கலம் எண்ணெயை உறிஞ்சும். செம்புக் கலமோ புளிப்புப் பட்டால் களிம்பேறும். உயர்ந்த வெப்பத்திற் சுட்ட மெருகுச் சாடிக்கு இக்குறைகள் இல்லை. சீனத்திலிருந்தும் பர்மாவின் மர்தபான் துறையிலிருந்தும் கப்பலேறி வந்தவை அவை.

ஒல்லாந்தரின் டெல்ஃப்ட் நகரத்து மருந்துச் சாடிகளோ வேறு வகையின. வெண்மெருகின்மேல் நீல எழுத்தில் மருந்தின் இலத்தீன் பெயர் பொலியும். பாகு மருந்துச் சாடிக்கு மூக்கும் உண்டு. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தபின், இந்நாட்டுக் கறுவாவும் அவர்கள் கப்பல்களில் ஐரோப்பிய மருந்தகங்களை அடைந்தது. அச்சாடிகளைச் சேகரிப்போர் உள்ளே யாதிருந்ததென எழுத்தைப் பார்த்தே அறிவர். நம் நாட்டு வைத்தியர் வீட்டுச் சாடியிலோ எழுத்தில்லை. அடியில் ஒட்டிய கசடே அதன் பெயர்.

கண்டிக் கலைகளை ஆராய்ந்து 1908இல் பெருநூல் வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி, பொருளின் அழகோடு அதன் பயனையும் எழுதிவைத்தார். இன்றைய வேதியியலாரோ பழங்கலத்துக் கசட்டிலிருந்து எண்ணெய், மெழுகு, பிசின் ஆகியவற்றைப் பிரித்தறிகின்றனர். வாங்கிய அன்றே சவர்க்காரமிட்டுத் தேய்த்த சாடியில் அவர்கள் எதைக் காண்பர்?

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்துச் சாடி இருக்கிறதா? அது யார் வீட்டினது, அதில் என்ன வைத்திருந்தனர் எனப் பெரியோரைக் கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே இட்டுவையுங்கள்.