சிவப்பு உறையும் முக்கோணத் தொப்பியும்

1912 மார்ச் மாதக் கடைசி. நியூயார்க் மாநிலத்தின் தலைநகர் ஆல்பனியில் சட்டமன்றக் கூட்டத்தொடர் முடியப்போகிறது. பெண் தொழிலாளர்களை வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற மசோதா தொங்கலில் நிற்கிறது. அதற்காக மன்றாடிக்கொண்டிருந்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸுக்கு அப்போது 31 வயது. நுகர்வோர் சங்கம் ஒன்றின் சார்பில் வந்தவர். அவருக்கு வாக்குரிமைகூடக் கிடையாது.

மசோதாவைச் சாகடிக்கத் தலைவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பழம், காய்கறிகளை டப்பாவில் அடைக்கும் ஆலைகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்துத் திருத்தினார்கள். இந்தப் பெண் இதை ஏற்க மாட்டாள், மசோதா தானாகவே விழுந்துவிடும் என்பது கணக்கு. பெர்கின்ஸ் ஏற்றுக்கொண்டார். டப்பா ஆலைப் பெண்களை அன்று கைவிட்டுவிட்டு, மற்றவர்களைக் காப்பாற்றினார். ஆனால் வாக்கு போதவில்லை. ஆதரவாளரான 'பிக் டிம்' சல்லிவனும் அவருடைய உறவினரும் நியூயார்க் நகரத்துக்குப் போகும் இரவுப் படகில் ஏறப் போய்விட்டார்கள். படகுத் துறைக்குத் தொலைபேசி பறந்தது. இருவரும் மூச்சிரைக்க மேடேறி வந்து வாக்களித்தார்கள். மசோதா நிறைவேறியது.

அந்தச் சல்லிவன் யார்? டம்மனி ஹால் என்ற கட்சி இயந்திரத்தின் பெரும்புள்ளி. ஊழலுக்குப் பேர்போன கூட்டம். தன் சகோதரியும் சின்ன வயதிலேயே வேலைக்குப் போன ஏழைப் பெண்தான் என்று பெர்கின்ஸிடம் சொல்லி மனமிளகிய மனிதரும் அவர்தான். அதே மன்றத்தில் உறுப்பினராக இருந்த இளம் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், படித்தவர், சீர்திருத்தம் பேசியவர், இந்த மசோதாவுக்காக மெனக்கெடவில்லை. அந்த வருத்தத்தைப் பெர்கின்ஸ் 1946இல் ரூஸ்வெல்ட்டைப் பற்றி எழுதிய புத்தகத்திலேயே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

சட்டமன்றக் குறிப்பேட்டில் வாக்கு எண்ணிக்கை இருக்கும். சகோதரியின் கதை இருக்காது. அத்தகைய கதைகளைப் பதிந்து வைப்பது வாய்மொழி வரலாறு.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1948இல் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் தொடங்கிய முயற்சி அது. தொலைபேசி வந்த பிறகு பெரிய மனிதர்கள் கடிதம் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்கள் சாவதற்குள் உட்கார வைத்துப் பேசவைத்துப் பதிய வேண்டும் என்பது அவர் எண்ணம். 1951 முதல் 1955 வரை, டீன் ஆல்பர்ட்சன் கேள்வி கேட்க, எழுபதைத் தாண்டிய பெர்கின்ஸ் தன் பொதுவாழ்வு முழுவதையும் சொன்னார். தட்டச்சில் 5,000 பக்கங்களுக்கு மேல் வந்தது. அமெரிக்க அரசியலில் ஒரு பெண் இவ்வளவு விரிவாகத் தன் தொழில் நுட்பத்தைச் சொல்லிவைத்தது மிக அரிது.

'தொழில் நுட்பம்' என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். ஒரு நாள் ஆல்பனியில் ஃபிராலி என்ற செனட்டர் அவரைத் தனியே நிறுத்தி, உள்கட்சி விவகாரங்களையெல்லாம் கண் கலங்கக் கொட்டித் தீர்த்தார். கடைசியில், எல்லோருக்கும் அம்மா என்று ஒருத்தி உண்டல்லவா என்றார். பெர்கின்ஸுக்குப் பொறி தட்டியது. ஆண்கள் அரசியலில் ஒரு பெண்ணை ஏற்க வேண்டுமானால் அவள் அவர்களுடைய தாயை நினைவூட்ட வேண்டும்! அதன் பிறகு கறுப்பு உடை, முக்கோணத் தொப்பி, அடக்கமான நடை. இப்படிக் கண்டவற்றைக் குறித்து ஒரு பெரிய சிவப்பு உறையில் சேர்த்து வைத்தார். 'ஆண் மனம் பற்றிய குறிப்புகள்' என்று அதற்குத் தலைப்பு.

படிக்கும்போது எனக்கு வலிக்கிறது. முப்பது வயதுக்காரி தன்னைவிட மூத்த ஆண்களுக்குத் தாய் வேடம் போட வேண்டியிருந்தது. ஆனால் அவர் அதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. ஒரு நல்ல தச்சர் மரத்தின் நரம்பைப் பற்றிச் சொல்வது போலச் சொல்கிறார்.

எதற்காக இவ்வளவும்? 1911 மார்ச் 25. நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்துக்கு அருகே ஒரு தோழி வீட்டில் தேநீருக்குப் போயிருந்தவர், தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டு வெளியே ஓடினார். ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்துகொண்டிருந்தது. எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகள். ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. ஒரு கதவு பூட்டியிருந்தது. ஜன்னலிலிருந்து பெண்கள் குதிப்பதை அவர் கண்ணால் பார்த்தார். செத்தவர்கள் 146 பேர். பின்னர் அமைந்த விசாரணைக் குழுவினரை அவர் அறைக்குள் உட்காரவிடவில்லை. ராபர்ட் வாக்னர் என்ற செனட்டரை, 'தீ விபத்தில் தப்பும் வழி' என்று எழுதியிருந்த சுவர் ஓட்டை வழியாக ஊர்ந்து போகவைத்தார். வெளியே பனி உறைந்த இரும்பு ஏணி. அது தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே முடிந்துவிட்டது. அதே வாக்னரின் பெயரில்தான் 1935இல் தொழிற்சங்க உரிமைச் சட்டம் வந்தது.

1933 பிப்ரவரியில், அதிபராகப் பதவியேற்க இருந்த ரூஸ்வெல்ட் அவரைத் தொழிலாளர் அமைச்சராகும்படி கேட்டார். பெர்கின்ஸ் கையில் ஒரு தாள். முதியோர் காப்பீடு, வேலையில்லாதோர் உதவி, குறைந்தபட்ச ஊதியம், வேலை நேர வரம்பு, குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு, மருத்துவக் காப்பீடு. இவற்றுக்கு ஒப்புதல் இருந்தால் மட்டும் வருகிறேன் என்றார். ரூஸ்வெல்ட் தலையசைத்தார். 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம், 1938இல் நியாய உழைப்புத் தர நிலைச் சட்டம். தாளில் இருந்தவற்றில் மருத்துவக் காப்பீடு மட்டும் நிறைவேறாமல் நின்றது. அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் அமைச்சர், பன்னிரண்டு ஆண்டுகள் பதவியில் இருந்தார். முதல் கூட்டத்தில் ரூஸ்வெல்ட் கேட்கும்வரை வாய் திறக்காமல் இருந்ததையும் வேண்டுமென்றே செய்ததாகத்தான் சொல்கிறார்.

இருபது, நாற்பது ஆண்டுகள் கழித்துச் சொன்னவை இவை. திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி வழவழப்பேறியும் இருக்கும். இரவுப் படகுக் கதையில் அந்த வழவழப்பு தெரிகிறது. அதனால் அது பொய்யாகிவிடாது. கூடவே மற்ற ஆவணங்களையும் வைத்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் பேசாதது. கணவர் பால் வில்சன் பொருளாதார வல்லுநர். திருமணமான ஐந்தாறு ஆண்டுகளில் மனநோயில் விழுந்தார். பிறகு மருத்துவமனைகளுக்கும் வீட்டுக்குமாகவே வாழ்நாள் போயிற்று. மகளை வளர்த்ததும் சம்பாதித்ததும் பெர்கின்ஸ்தான். அத்தனை ஆயிரம் பக்கங்களிலும் அரசியலுக்குத் தாராளமாக இடம் கொடுத்தவர், வீட்டுக் கதவை மட்டும் ஒருக்களித்தே வைத்திருந்தார். வில்சன் இறந்தது 1952 டிசம்பர் 31. ஆல்பர்ட்சனோடு பதிவு நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. பெர்கின்ஸ் தொழிலாளர் சட்டங்களைப் பற்றி மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்.